ஒன்பது வாரத் திட்டம்

ஜனெல் ஹெர்கர்ட் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தைப் பத்தொன்பது வருடமாக ஓட்டிவருகிறவள். நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில், சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு வயல்களுக்கு நடுவே காலையில் நாற்பத்தாறு மைல், மாலையில் அதே நாற்பத்தாறு மைல். பனிப்புயல் நாளிலும் பிள்ளைகளை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். நான் அப்போது பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தேன். காலைப் பேருந்து ஓட்டம் முடிந்ததும் காப்பியை எடுத்துக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்து உட்காருவாள். இந்தக் கதையில் பாதியை அங்கேதான் கேட்டேன். மீதியைப் பிற்பாடு அவளும் அவள் மகளும் சொன்னார்கள்.

அவளுக்கு வடக்கே போக வேண்டும். மொன்டானா வழியாகக் கனடாவுக்குள் நுழைந்து, யூகானைக் கடந்து, சாலை முடிந்து ஆர்க்டிக் கடல் தொடங்கும் இடம் வரைக்கும் போய், அங்கிருந்து அலாஸ்காவுக்கு இறங்கித் திரும்பி வர வேண்டும். விமானத்தில் இல்லை. வீட்டிலேயே நிற்கிற முப்பத்திரண்டு அடி மோட்டார்ஹோமில், படுக்கையும் அடுப்பும் உள்ள அந்த வண்டியில், கணவன், மகள், மகன் எல்லோரோடும். மொத்தம் ஒன்பது வாரம்.

அதுவும் அந்தக் கோடையிலேயே போயாக வேண்டும் என்பதற்குக் காரணம் இருந்தது. மகள் கென்ட்ராவுக்கு இருபத்திரண்டு வயது. மே மாதம் நர்ஸ் படிப்பு முடிகிறது, ஆகஸ்டில் வேலை. மகன் கோல்பிக்குப் பதினைந்து. அடுத்த வருடத்திலிருந்து கோடை முழுவதும் ஃபுட்பால் பயிற்சி என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். நான்கு பேரும் ஒரே கூரையின் கீழ் ஒன்பது வாரம் இருக்க முடிகிற கோடை இனி வரப்போவதில்லை என்று ஜனெல் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அக்டோபரில் வேலையைத் தொடங்கினாள். சாப்பாட்டு அறைச் சுவரில் நான்கடி அகல வரைபடத்தை ஒட்டினாள். தடிமனான கோப்பு ஒன்றில் வாரத்துக்கு ஒரு நிறம் என்று காகிதம் சேர்த்தாள். எங்கே பெட்ரோல் கிடைக்கும், அடுத்த பெட்ரோலுக்கு எத்தனை மைல், எந்த ஆற்றில் பாலம் இல்லாமல் படகில் வண்டியை ஏற்ற வேண்டும், எந்த ஊரில் துணி துவைக்கலாம், எல்லாம் அதில் இருந்தது.

அவளுடைய கணவன் டுவெய்ன் சர்க்கரை ஆலையில் மெக்கானிக். ஐம்பது வயது. அதிகம் பேசமாட்டான். ஊரில் யாருடைய டிராக்டர் நின்றுபோனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாண வீடுகளில் எல்லோரும் பீர் கோப்பையோடு நிற்க, அவன் மட்டும் எலுமிச்சைச் சாறோடு நிற்பான். குடி அவன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஊருக்கே தெரியும்.

வரைபடம் சுவருக்கு ஏறிய நாளிலிருந்து அவன் பிடி கொடுக்கவில்லை. முதலில் டயரைச் சொன்னான். ஏழு வருடப் பழசு, அந்தச் சரளைக்கல் சாலையில் தாங்காது. சரி, மாற்றலாம் என்றாள். டயர் மட்டும் போதாது, கல் தெறித்தால் கீழே தண்ணீர்த் தொட்டி ஓட்டையாகிவிடும், தகடு அடிக்க வேண்டும் என்றான். அடி என்றாள். அடிக்கவில்லை. நவம்பரில் குளிர்பெட்டி சரியில்லை என்றான். டிசம்பரில் ஒன்பது வாரம் ரொம்ப அதிகம் என்றான். பிள்ளைகள் மூன்றாவது வாரமே ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்கமாட்டார்கள் என்றான். அவன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளும் கண்டுபிடிக்க, அவனும் அடுத்ததைச் சொல்ல, குளிர்காலம் போய்க்கொண்டிருந்தது.

"உனக்கு வரணும்னு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு," என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"வரமாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?"

"வரேன்னும் சொல்லலையே."

"பாக்கலாம்."

"பாக்கலாம், பாக்கலாம்னே மூணு மாசம் ஓட்டிட்ட, டுவெய்ன்."

அந்த ஒரு வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று சட்டம் போடப் போவதாக மறுநாள் என்னிடம் வந்து பொருமினாள். ஒரு வேளை பணத்துக்கு யோசிக்கிறானோ, ஒரு வேளை அவளோடு அவ்வளவு நாள் அடைந்து கிடக்கப் பிடிக்கவில்லையோ என்றுகூடக் கேட்டாள். கடைசியாகச் சொன்னதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தாள்.

பாஸ்போர்ட் விஷயம் இன்னும் மோசம். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் நவம்பரிலேயே வந்துவிட்டது. அவன் விண்ணப்பமே போடவில்லை. பிறப்புச் சான்றிதழைக் காணோம் என்றான். அவளே அலைந்து நகல் வாங்கி வந்தாள். புகைப்படம் எடுக்க நேரமில்லை என்றான். கடைசியில் ஜனவரியில், சனிக்கிழமை காலை, அவனைக் காரில் ஏற்றித் தபால் நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கினாள். ஊசி போடக் கொண்டுபோன கன்றுக்குட்டி மாதிரி நின்றான் என்றாள். பாஸ்போர்ட் வந்தது. அவன் உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தான்.

டுவெய்னின் அண்ணன் லைல், ஊருக்கு வெளியே மாடு வளர்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவார். ஜனெல் முட்டைக்கோசும் இறைச்சியும் அடைத்துச் சுடுகிற பன் என்றால் நாலைந்து உள்ளே போகும். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு வடக்குதானே வேணும், ஜனெல்? வடக்கு டகோட்டா இருக்கு. பேர்லயே வடக்கு இருக்கு, நம்ம நாட்டுக்குள்ளயே இருக்கு. ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாம்," என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஜனெல் சிரிக்கவில்லை. லைல் உடனே பேச்சை மாற்றி, அவ்வளவு தூரம் போவதானால் கரடிக்குப் பயந்தாவது ஒரு துப்பாக்கி எடுத்துப் போங்கள் என்றார்.

எதையும் விசாரிக்காமல் விடுகிற வழக்கம் ஜனெலுக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை காலை சமையலறைத் தொலைபேசியிலிருந்தே கனடா எல்லை அலுவலகத் தகவல் எண்ணைக் கூப்பிட்டாள். நான் அடுப்பில் மக்ரோனி கிளறிக்கொண்டிருந்தேன். துப்பாக்கிக்கு என்ன படிவம், விறகு கொண்டுவரலாமா, உருளைக்கிழங்கு கொண்டுவரலாமா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். முடிக்கும்போது அந்தப் பக்கத்துப் பெண் ஏதோ கேட்டாள். ஜனெல் சிரித்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் மேல ஒரு பார்க்கிங் அபராதச் சீட்டுகூட கிடையாது மேடம்," என்றாள்.

வண்டியில் வருகிற யார் மேலாவது பழைய வழக்கு, தண்டனை உண்டா என்று கேட்டார்களாம். குடித்துவிட்டு ஓட்டி மாட்டிக்கொண்டிருந்தால்கூட, எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், உள்ளே விடாமல் திருப்பி அனுப்பலாமாம். எலுமிச்சைச் சாறு குடிக்கிற டுவெய்னைப் பற்றிப் போய் இந்தக் கேள்வி என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அவள் இதையே வேடிக்கையாகச் சொன்னாள். கென்ட்ரா சிரித்தாள். கோல்பி, அப்பாவைக் கைது செய்வது போல் கையை நீட்டினான். டுவெய்ன் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். கொட்டகையில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கோட்டுகூடப் போடாமல் வெளியே போனான்.

அவள் அவனுடைய கோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அவன் கொட்டகையில் இல்லை. மோட்டார்ஹோமுக்குள், சின்ன மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே காற்று வண்டியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கோட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ரெண்டு தடவை," என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை.

"குடிச்சிட்டு ஓட்டினது. வயோமிங்ல இருந்தப்ப. உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடி. ரெண்டாவது தடவை எதிர்ல வந்த கார்ல மோதிட்டேன். ஓட்டிக்கிட்டு வந்த அம்மாவுக்குக் கால் மூணு எடத்துல உடைஞ்சு போச்சு. ஏழு மாசம் ஜெயில்ல இருந்தேன்."

"வயோமிங்ல சுரங்கத்துல வேலை பாத்தேன்னுதானே சொன்ன."

"பாத்தேன். அதுக்கப்புறம்தான் உள்ள இருந்தேன்."

 அவள் கேட்ட முதல் கேள்வியை நினைத்து அவளுக்கே பின்னால் ஆச்சரியமாக இருந்ததாம்.

"அப்ப உன் வயிறு?"

"வயிறு நல்லாத்தான் இருக்கு."

இருபத்து நான்கு வருடமாக அவள் அந்த வயிற்றுக்காக மிளகு போடாமல் குழம்பு வைத்திருக்கிறாள். விருந்துக்குப் போன வீடுகளில் எல்லாம் அவன் சார்பில் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். போன வருடம்கூட ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கச் சொல்லி நச்சரித்திருக்கிறாள். உப்புச் சப்பில்லாத அந்தக் குழம்பை அவன் ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் சாப்பிட்டான் என்பதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. ஜெயிலைச் சொன்னபோதுகூட அவ்வளவு கோபம் வரவில்லை என்றாள் என்னிடம்.

எப்போது சொல்வதாக இருந்தாய் என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன்பே சொல்ல நினைத்தானாம். அப்புறம் கென்ட்ரா பிறந்ததும் சொல்ல நினைத்தானாம். அப்புறம் சொல்லாமல் இருந்ததே பெரிய விஷயமாகிவிட்டதாம்.

"சரி, அக்டோபர்ல? நான் சுவர்ல மேப் ஒட்டினப்ப?"

"நீ போகமாட்டேன்னு நெனச்சேன். எல்லாரும் இப்படித் திட்டம் போடுவாங்க, கடைசில ஏரிக்கரைக்குப் போய்ட்டு வந்துடுவாங்க."

"நான் போட்ட திட்டத்துல எது நடக்காம போயிருக்கு?"

 அவள் எழுந்து வீட்டுக்குள் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

மறுநாள் காலை அந்தக் கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் தொப்பென்று போட்டாள். இதை எங்கேயாவது வை, என் கண்ணில் படக்கூடாது என்றாள். மாவு வைக்கிற அலமாரியில் வைத்தேன்.  நான்கைந்து நாள் கழித்துத்தான் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அந்த வாரத்திலேயே பேருந்தைப் பள்ளியில் விட்ட கையோடு லைலின் பண்ணைக்குப் போயிருக்கிறாள். கன்று ஈனும் பருவம். அவர் முழங்கை வரை ஈரத்தோடு கொட்டிலிலிருந்து வெளியே வந்தார்.

"தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் வடக்கு டகோட்டான்னு கிண்டல் பண்ணீங்களா, லைல்?"

லைல் கையைத் துடைத்தார். மழுப்பவில்லை. "சொல்ல வேண்டியவன் அவன், நான் இல்ல. வருஷா வருஷம் சொல்லித் தொலைடான்னு சொன்னேன். அடுத்த வருஷம்னான். இந்த ஊர்ல எங்க அம்மா அப்பாவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. இப்ப நான் மட்டும்தான் மிச்சம்." அப்புறம், காப்பி குடித்துவிட்டுப் போ என்றார். அவள் குடிக்கவில்லை.

டென்வரில் ஒரு வழக்கறிஞரிடம் தொலைபேசியில் பேசினார்கள். ஒரே ஒரு தடவை என்றால் காலப்போக்கில் தானாகக் கழிந்திருக்குமாம். இரண்டு தடவை, அதுவும் ஒருவருக்குக் காயம் என்பதால் அப்படி விடமாட்டார்களாம். திருந்திவிட்டேன் என்று கனடா அரசுக்கு விண்ணப்பம் போட வேண்டும். வாழ்ந்த ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் போலீஸ் சான்று, பழைய தீர்ப்பின் நகல், மூன்று பேரிடமிருந்து நற்சான்றுக் கடிதம். முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இல்லாவிட்டால் எல்லையிலேயே போய் நின்று தற்காலிக அனுமதி கேட்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் அன்றைக்கு உட்கார்ந்திருக்கிற அதிகாரியைப் பொறுத்தது.

எல்லையில் போய்க் கேட்டுப் பார்ப்போம் என்றாள் ஜனெல். டுவெய்ன் முடியாது என்றான். மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போது வண்டியைத் திருப்பு என்று ஒருவன் சொல்லி, அதை அவன் கேட்டுக்கொண்டு நிற்க முடியாதாம். அப்படியானால் மகனுக்கு இப்போதே சொல் என்றாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னான். ஜனெலிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னான். கென்ட்ரா அழவில்லை. அந்த அம்மாவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். இத்தனை நாள் கோபத்தில் அந்தக் கேள்வியைத் தான் கேட்கவே இல்லை என்று ஜனெலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"லோயிஸ் டகெட்னு பேரு," என்றான் டுவெய்ன். "கடைசி வரைக்கும் கைத்தடியோடதான் நடந்தாங்க. ஒரு தடவை லெட்டர் எழுதினேன். பதில் வரலை. எட்டு வருஷம் முன்னாடி இறந்துட்டாங்க. பேப்பர்ல பாத்தேன்."

கோல்பி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நாம போறமா, இல்லையா?" என்று மட்டும் கேட்டான்.

அதற்குப் பதில் தெரிய மார்ச் மாதம் முழுவதும் ஆனது. நீங்கள் மூன்று பேரும் போய்வாருங்கள் என்றான் டுவெய்ன். நான்கு பேருக்குத் திட்டம் போட்டவளிடம் மூன்று பேர் என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வருகிறது என்று அவள் கத்தினாள். அடுத்த வருடம் அனுமதி வந்ததும் போகலாம் என்றான். அடுத்த வருடம் கென்ட்ரா எங்கே இருப்பாள், கோல்பி எங்கே இருப்பான் என்று கேட்டாள். கடைசியில் யாரும் கேட்காமலே கென்ட்ராதான் ஒரு நாள் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அலாஸ்கா நம்ம நாடுதானேம்மா. டென்வர்லேர்ந்து சியாட்டில், சியாட்டில்லேர்ந்து ஃபேர்பேங்க்ஸ். நடுவுல கனடாவுல கால் வைக்கவே வேணாம். நாம வண்டில போவோம், அப்பா பறந்து வரட்டும்."

"நான் கேட்டது ஃபேர்பேங்க்ஸ் இல்ல. போற வழியைத்தான் கேட்டேன்."

"வழி இல்லைம்மா. அதான் சொல்றேன்."

ஜனெல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்து கோப்பைக் கேட்டாள். ஓரமெல்லாம் மாவு. தட்டித் துடைத்துக் கொடுத்தேன். இவ்வளவையும் மறுபடி போட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டே எடுத்துப்போனாள். உண்மையிலேயே எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டியிருந்தது. ஆலையில் டுவெய்னுக்கு ஜூலையில் பதினோரு நாள்தான் விடுமுறை கிடைத்தது. அந்தப் பதினோரு நாளைப் பிடிக்க வேண்டுமென்றால் ஆர்க்டிக் கடலுக்குப் போகிற நாளை முன்னால் கொண்டுவர வேண்டும். முன்னால் கொண்டுவந்தால் வசந்த வெள்ளத்தில் அந்த ஆற்றுப் படகு ஓடத் தொடங்கியிருக்குமா என்பது நிச்சயமில்லை. முன்பதிவு செய்த ஆறு முகாம்களில் நான்கு தேதி மாற்ற மறுத்தன. ராத்திரி தூக்கத்தில்கூட மைல் எண்ணுகிறேன் என்றாள்.

மே மாதத் தொடக்கத்தில் இன்னொன்று கிளம்பியது. பதினெட்டு வயது ஆகாத பையன், பெற்றோரில் ஒருவரோடு மட்டும் எல்லை தாண்டுகிறான். மற்றவர் சம்மதித்து எழுதிய கடிதம் கையில் இருந்தால் நல்லது, அதுவும் சான்றலுவலர் முன்னால் கையெழுத்திட்டு முத்திரை வாங்கியதாக. எங்கள் ஊரில் அந்த முத்திரை வங்கியில் டார்லாவிடம்தான் இருக்கிறது. டார்லாவின் மூன்று பெண்களும் ஜனெலின் பேருந்தில் ஏறி வளர்ந்தவர்கள். டார்லா காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் தேவாலயம் வரை போய்விடும்.

போகிற வழியில் காரிலேயே ஜனெல் என்ன சொல்வது என்று தயார் செய்துகொண்டாள். ஆலையில் லீவு கிடைக்கவில்லை. பாதி உண்மைதானே.

டார்லா கடிதத்தைப் படித்தாள். கண்ணாடிக்கு மேலாக டுவெய்னைப் பார்த்தாள். "என்ன டுவெய்ன், பொண்டாட்டி பிள்ளைங்களை அனுப்பிட்டு நீ மட்டும் வீட்ல ஜாலியா இருக்கப் போறியா? ஏன் நீ போகலை?"

"ஆலையில," என்று ஜனெல் ஆரம்பித்தாள்.

"என்னை உள்ள விடமாட்டாங்க, டார்லா," என்றான் டுவெய்ன். "சின்ன வயசுல ரெண்டு தடவை குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டினேன். ஒரு அம்மாவோட கார்ல மோதி, ஏழு மாசம் ஜெயில்ல இருந்தேன். கனடாக்காரங்க அதையெல்லாம் பாப்பாங்க."

சாதாரணக் குரலில்தான் சொன்னான். பின்னால் வரிசையில் இரண்டு விவசாயிகள் நின்றிருந்தார்கள். ஒருவர் ஆலைக்கு பீட் கிழங்கு கொடுக்கிறவர், டுவெய்னை இருபது வருடமாகத் தெரியும். அவர் தன் தொப்பியைக் கழற்றி உள்பக்கம் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். டார்லா கொஞ்ச நேரம் முத்திரையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"இங்க கையெழுத்து, டுவெய்ன்," என்றாள். "பக்கத்துல தேதியும் போட்டுடு."

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஜனெல் திரும்பினாள். "பேங்க்ல சொல்ல முடிஞ்சுது. வீட்ல இருபத்து நாலு வருஷமா முடியலை."

"வீட்ல நீ இருக்க. பேங்க்ல என்னை விட்டுட்டுப் போக யார் இருக்கா?"

அவன் சொன்னதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது என்றாள் என்னிடம்.

ஊர் ஒரு வாரம் பேசியது. ஆலையில் இரண்டொருவர் கிண்டல் செய்தார்கள். நற்சான்றுக் கடிதம் ஒன்று வேண்டும் என்று பாதிரியாரிடம் டுவெய்ன் போய்க் கேட்டபோது, அவன் கேட்பதற்கு முன்பே அவர் எழுதி வைத்திருந்தாராம். அவன் அடிக்காமல் விட்டிருந்த தகட்டை மே மாதக் கடைசி வாரத்தில் அடித்தான். எந்த ஃபியூஸ் எதற்கு என்று கென்ட்ராவை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தான். அவள் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டான்.

ஜூன் மூன்றாம் தேதி கிளம்பினார்கள். டுவெய்னுக்குக் காலை ஷிஃப்ட். கையசைத்து வழியனுப்ப லைல்தான் வந்தார். எல்லையில் அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டுக் கோல்பியைப் பார்த்து அப்பா எங்கே என்று கேட்டார். அப்பாவுக்கு அனுமதி இல்லை, அலாஸ்காவில் வந்து சேர்ந்துகொள்வார் என்று அவன் பட்டென்று சொல்லிவிட்டான். அதிகாரி ஜனெலைப் பார்த்தார். பிறகு போகச் சொன்னார்.

ஆற்றுப் படகு மூன்று நாள் ஓடவில்லை. கரையில் காத்துக்கிடந்தார்கள். கண்ணாடியில் கல் பட்டுக் கீறல் விழுந்தது. ஆர்க்டிக் கடல் ஒரு வழியாகக் கண்ணில் பட்டபோது சாம்பல் நிறத்தில் இருந்தது, கரை ஓரமாக இன்னும் பனிக்கட்டி. கோல்பி கணுக்கால் வரை இறங்கிவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்தான். ஜனெல் கரையிலிருந்தே டுவெய்னைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. எட்டு மாதமாக இந்த இடத்தை நினைத்திருந்தேன், அங்கே போய் நின்றும் அவன்மேல் கோபப்பட்டுக்கொண்டுதான் நின்றேன் என்றாள்.

ஃபேர்பேங்க்ஸில் அவன் வந்து இறங்கினான். பதினோரு நாளில் எட்டு நாள் மழை. நாட்டிலேயே பெரிய மலையைப் பார்க்கப் போனால் மேகத்துக்குள் ஒளிந்துகொண்டது. வண்டிக்குள் கயிறு கட்டி ஈரக் காலுறைகளைத் தொங்கவிட்டு, நான்கு பேரும் சீட்டு ஆடினார்கள். யார் ஏமாற்றினார்கள் என்று சண்டை போட்டார்கள். ஒரு சாயங்காலம் அவள் குழம்பு வைத்தாள், மிளகு போட்டு. கண்ணில் தண்ணீர் வந்தது அவனுக்கு. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டான். 

பன்னிரண்டாம் நாள் காலை அவனை விமான நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். விண்ணப்பத்துக்கு இன்னொரு சான்று கேட்டுக் கடிதம் வந்திருப்பதாகவும், போனதும் அனுப்பிவிடுவதாகவும் சொன்னான். சரி என்றாள். அவன் சின்னப் பையோடு வரிசையில் போய் நிற்பது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. முன்னால் நின்ற பெண் ஏதோ கேட்க, அவளுடைய பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்துக் கொடுத்தான். ஜனெல் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாளாம். தீரவில்லை. ஆனால் கிளம்பவும் மனம் வரவில்லை.

பக்கத்தில் கோல்பி கோப்பைத் திறந்து, அடுத்த முகாமுக்கு இருநூற்றுப் பதினாறு மைல், நடுவில் பெட்ரோல் ஒரே ஒரு இடத்தில்தான் என்று படிக்க ஆரம்பித்தான்.

"கொஞ்சம் பேசாம இருடா," என்றாள்.

அவன் கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டான். வரிசை நகர்ந்தது. டுவெய்ன் உள்ளே போய் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் வண்டியைக் கிளப்பினாள்.